பற்பொடி ஊரில் சொத்தைப் பற்கள்

நம் சங்கத்து ஏட்டில் பல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கூலிப் பாக்கி, பி.எஃப். பணம், வீட்டு வாடகை, ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை என்று எழுத வேண்டியவை மலையாய்க் குவிந்து கிடக்கும்போது, ஒரு பிள்ளையின் கடைவாய்ப் பல் அரசியல் விஷயமா? ஆம், அரசியல் விஷயம்தான் என்கிறோம். இரவெல்லாம் பல்வலியில் துடித்த பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் மறுநாள் எந்த வேலைக்குப் போவாள்? போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைசூருக்கு ரயிலேறினால் அவன் கூலியும் போயிற்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. பல் வைத்தியருக்குக் கொடுக்கும் பணம் இதற்கெல்லாம் மேலே. இவ்வளவு சின்னஞ்சிறு பல், உழைப்பாளி வீட்டு அடுப்பை இரண்டு நாள் அணைத்துவிடுகிறது. இதைத் தலைவிதி என்று விட்டுவிடலாமா?

அதிலும் நாம் பிழைக்க வந்திருப்பது எந்த ஊர்? நஞ்சன்கூடு! வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மூன்று நினைவுக்கு வரும். கபிலை ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேசுவரர் கோயில் ஒன்று. ரசபாளே வாழைப்பழம் இரண்டு. மூன்றாவது, பற்பொடி. 1913இல் பி.வி. பண்டிதர் என்ற ஆயுர்வேத வைத்தியர் இங்கே சத்வைத்தியசாலையைத் தொடங்கினார். அங்கிருந்து சின்னக் காகிதப் பொட்டலங்களில் போன இளஞ்சிவப்புப் பற்பொடியை மைசூர் நாடு முழுவதும் ஒரு தலைமுறையே விரலில் தொட்டுப் பல் துலக்கியது. ஊரின் பெயரே பொடியின் பெயராயிற்று. அப்படிப்பட்ட ஊரில் இன்று நம் லேபர் ஷெட்டுகளுக்குப் போய், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கறுத்த பல், குழி விழுந்த பல், வேர் மட்டும் மிஞ்சிய பல்! பக்கத்துத் தெருக் கன்னடத் தொழிலாளியின் பிள்ளை வாயிலும் இதே கதைதான். சொத்தைக்கு மொழி பேதம் கிடையாது.

நாட்டு நிலையும் இதற்கு மாறுபட்டதன்று. 2002-03இல் எடுக்கப்பட்ட தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சொத்தை என்று சொல்லிற்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் பாற்பற்களில் சொத்தையுள்ள பிள்ளைகள் 51 கோடிக்கு மேல். மனிதருக்கு வரும் நோய்களில் இவ்வளவு பரவிய நோய் வேறில்லை. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நோயும் அதிகமில்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் வெட்கக்கேடு.

சர்க்கரை செய்யும் வேலை

"பல்லில் பூச்சி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். புழு என்று நினைத்துக் கொண்டது தவறே தவிர, உயிரொன்று உள்ளே இருந்து வேலை செய்கிறது என்பது சரிதான். நம் வாயில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரிக்கிறது. சர்க்கரை உள்ளே போன ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்கு இந்த அரிப்பு நடக்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல இழப்பைச் சரிக்கட்டும். ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லின் கணக்கு. கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் இரண்டு லட்டு தின்ற பிள்ளைக்குக் கேடு குறைவு. காலை டீயும் பன்னும், பத்து மணிக்கு ஐந்து ரூபாய் பிஸ்கட், மதியம் குச்சி மிட்டாய், சாயங்காலம் மறுபடி டீ, தூங்கும்போது வாயில் சர்க்கரைப் பால் புட்டி என்று நாள் முழுவதும் நனைந்துகொண்டே இருக்கும் பல்லுக்கு உமிழ்நீர் எந்த நேரத்தில் வைத்தியம் பார்க்கும்?

இதை வைத்துத் தாய்மாரைக் குற்றம் சொல்ல வருபவர்களுக்கு நாம் ஒன்று சொல்லி வைக்கிறோம். சித்தாள் வேலை செய்யும் பெண், மணல் குவியலருகே பிள்ளையை உட்கார வைத்துவிட்டுச் சட்டி தூக்குகிறாள். பிள்ளை அழுதால் மேஸ்திரி முறைக்கிறான். அப்போது கையில் கொடுக்க அவளிடம் இருப்பது பெட்டிக்கடை பிஸ்கட்டும் மிட்டாயும்தான். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட வேலையிடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. அந்தக் காப்பகத்தை எத்தனை சைட்டில் கண்டோம்? காப்பகம் இல்லாத இடத்தில் பிள்ளையைக் காக்கும் ஆயாவாக மிட்டாய் வந்து நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். இதே நஞ்சன்கூடு தாலுகாவில் அளகஞ்சியில் பண்ணாரி அம்மன் சர்க்கரை ஆலை இருக்கிறது. முதலீடு கோவையிலிருந்து வந்தது. கரும்பு வெட்டுகிற கையும் சர்க்கரை மூட்டை தூக்குகிற தோளும் உழைப்பாளிகளுடையவை. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குக் கரும்பிலிருந்து கிடைக்கும் பங்கு சொத்தைப் பல். கரும்பைக் கடித்து மென்று தின்ற காலத்தில் இவ்வளவு கேடு இருந்ததில்லை. அதைப் பிழிந்து, வெளுத்து, மாவில் கலந்து, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி வாசலுக்கே அனுப்பிய பிறகுதான் வந்தது.

இந்த உண்மை விஞ்ஞானிகளுக்குத் தெரியாமல் இருந்ததா? தெரிந்தது, தெரிந்துகொண்ட விதம்தான் கொடுமை. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்துக்கு அருகே விப்பெஹோம் என்ற மனநோயாளர் விடுதியில், 1940களின் பிற்பகுதியில், மறுப்புச் சொல்லத் தெரியாத ஏழை நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஒட்டுகிற மிட்டாயைத் தின்னக் கொடுத்தார்கள். அவர்கள் பற்கள் அழுகுவதைக் கணக்கெடுத்தார்கள். சாப்பாட்டு வேளைக்கு நடுவே தின்னும் ஒட்டுகிற இனிப்புதான் பெரிய சத்துரு என்ற முடிவு 1954இல் வெளிவந்தது. அந்த அபலைகளின் பல்லை விலையாகக் கொடுத்து உலகம் பெற்ற அறிவு அது. அதன் பிறகாவது நடந்தது என்ன? அமெரிக்க அரசு 1971இல் பற்சொத்தைக்கு எதிராகத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, சர்க்கரையைக் குறைக்கும் பேச்சை ஒதுக்கிவிட்டு வேறு வழிகளைத் தேடும்படி சர்க்கரைக் கம்பெனிகள் காய் நகர்த்தின. பழைய கடிதப் போக்குவரத்தைத் தோண்டியெடுத்து ஆய்வாளர்கள் 2015இல் இதை அம்பலப்படுத்தினர்.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற செரலாக் குழந்தை உணவில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. அதே உணவு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சர்க்கரை சேர்க்காமல் விற்கப்பட்டது என்றது அந்த அறிக்கை. கூச்சல் எழுந்த பிறகு, சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வந்திருக்கிறோம் என்றது கம்பெனி. அதே ஆண்டில் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. நல்லது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முதலிலேயே தெரிந்த நியாயம் நம் பிள்ளைக்கு ஏன் தாமதமாக வந்தது? நெஸ்லேயின் ஆலையொன்று நம் நஞ்சன்கூட்டிலேயே இருக்கிறது. அது காப்பித்தூள் ஆலை, குழந்தை உணவு ஆலை அன்று. இருந்தாலும் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆறு வயதுப் பல்

இப்போது தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைக்குப் பாற்பல் மொத்தம் 20. ஆறு மாத வாக்கில் முளைக்கத் தொடங்கி இரண்டரை வயதுக்குள் நிறைந்துவிடும். ஆறு வயதில் முன்பல் ஆடத் தொடங்குகிறது. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து பிள்ளை குதிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். அதே சமயத்தில் யாருக்கும் தெரியாமல் வாயின் பின்கோடியில் வேறொரு காரியம் நடக்கிறது. கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல் புதிதாக இடம் பிடித்து வருவதால் இவை வந்ததே வீட்டாருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று இருந்துவிடுகிறோம். விழாது! விழுந்தால் முளைக்காது! எழுபது வயதில் சோளக் களியையும் கடலையையும் மெல்ல வேண்டிய பற்கள் இவைதாம்.

முளைத்த புதிதில் இந்தப் பல்லின் மேலோடு முற்றாமல் இருக்கும். மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்கள். வாய்க்குள் வெகு பின்னால் இருப்பதால் பிள்ளையின் பிரஷ் எட்டாது. அது முழுதாக எழும்பி வரவே பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால், பிரஷ் அதைத் தொடாமல் மேலாகவே ஓடிவிடும். சொத்தைக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்குமா? ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் இந்த நான்கு பற்களைக் காப்பாற்றிவிட்டால் பாதி வெற்றி. இதற்கு முன்னே பாற்பல்லில் சொத்தை இருந்தால் அதே கிருமிப் பட்டாளம் புதுப் பல்லுக்கும் குடிபெயர்கிறது. பாற்பல் விழப்போகிற பல்தானே என்று அலட்சியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

ஆறு வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பில். அதற்கு முன் அங்கன்வாடியில். பல்லைக் காக்க வேண்டிய வயதும் பள்ளிக்கூடத்தில் நுழையும் வயதும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. பல் மருத்துவம் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று நாம் சொல்வதன் நியாயம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இருக்கிற ஏற்பாடு யாருக்கு?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறது. பற்சொத்தை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் குழு வண்டியில் வந்து, அங்கன்வாடியை ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளியை ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பார்ப்பது சரி. பார்த்துவிட்டு? ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். அங்கே போகத்தான் ஒரு நாள் கூலி வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னோம். அந்தச் சீட்டு பிள்ளையின் பைக்குள்ளேயே கசங்கிப் போகிறது.

அதிலும் நம் பிள்ளைகளின் நிலை தனி. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்ப ஒரு மாதம். ஒரு சைட் முடிந்தால் வேறு சைட். ஆடியில் இங்கே, ஐப்பசியில் குண்டலுப்பேட்டை. குழு வருகிற அன்று நம் பிள்ளை ரிஜிஸ்தரில் இருக்காது. ரிஜிஸ்தரில் இருந்தால் ஊரில் இருக்காது. அங்கன்வாடியில் பெயர் எழுத ஆதார், விலாசம், இங்கத்திய அட்டை என்று கேட்டால், லேபர் ஷெட்டுக்கு ஏது கதவிலக்கம்? வண்டியில் வரும் டாக்டரம்மா கன்னடத்தில் "நோவு இதெயா?" என்று கேட்டால், புதிதாக வந்த பிள்ளை மிரண்டு வாயை மூடிக்கொள்ளும்.

இதற்கிடையே கர்நாடக அரசு 2014இல் 'தந்த பாக்கிய' என்றொரு திட்டம் கொண்டு வந்தது. வறுமைக்கோட்டு அட்டையுள்ள பல்லிழந்த முதியவர்களுக்கு இலவசப் பல் செட்டு. நல்ல திட்டம், பொக்கை வாய்க் கிழவிக்கு வெற்றிலை மெல்ல வழி பண்ணினால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனாலும் பல் முழுவதும் போன பிறகு பாக்கியத்தைக் கொடுக்கிற சர்க்கார், பல் முளைக்கும்போதே ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

பல் டாக்டர்களுக்குப் பஞ்சமா? நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சுத்தூர் மடம் நம் தாலுகாவிலேயே கபிலைக் கரையில் இருக்கிறது. அந்த மடத்தின் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி 1986 முதல் மைசூரில் நடக்கிறது. அங்கிருந்து இங்கே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட முழுதாய் இல்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் அலையும் பல் டாக்டர்களும் உண்டு. பல் டாக்டரைக் காணாத பள்ளிக்கூடமும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்கிற மனம்தான் இல்லை.

பிற நாடுகள் செய்ததைப் பாருங்கள்

முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, நியூசிலாந்து நாட்டுக்காரர்கள் தங்கள் வாலிபர்களின் பற்கள் அழுகிக் கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டார்கள். யுத்தம் முடிந்து 1921இல் தாமஸ் ஹண்டர் என்பவர் முயற்சியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இளம்பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடத்து வளாகத்திலேயே சின்ன அறையில் உட்கார வைத்து, பிள்ளைகளின் பல்லைப் பார்க்கச் செய்தார்கள். பல் டாக்டர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளோ அந்த அறைக்குக் 'கொலைக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள்! அந்தக் காலத்துக் கால்மிதி இயந்திரத்தால் பல்லைக் குடைந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெயர் எதுவானாலும் காரியம் நடந்தது. அந்த முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. 1950களில் இலங்கையும் அதே வழியில் போயிற்று. நம்மைப் போலவே பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மலேசியப் பள்ளியில் பல் பார்க்க ஆள் வந்தது. இந்தியாவில்? 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் டாக்டரையும், பல் சுத்தம் செய்பவரையும், பல் செட்டு கட்டும் மெக்கானிக்கையும் அங்கீகரித்தது. பள்ளிப் பல் தாதி என்றொரு வேலையை உண்டாக்கவில்லை.

இன்று குடைகிற இயந்திரம்கூட எல்லாவற்றுக்கும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021இல் மூன்று பல் மருந்துகளைச் சேர்த்தது: ஃபுளோரைடு கலந்த பேஸ்ட், பல் குழியை அடைக்கும் ஒருவகைச் சிமெண்டு, வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த திரவம். இந்த வெள்ளித் திரவம் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்பது. ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சொத்தையில் ஒரு சொட்டைத் தடவினால் பெரும்பாலும் அரிப்பு அங்கேயே நின்றுவிடும். குறை என்னவென்றால் தடவிய சொத்தை கறுத்துப் போகும். நரம்பு வரை போய் வலியெடுத்த பல்லுக்கும் இது உதவாது. நியூயார்க் நகரத்தின் ஏழைப் பள்ளிகளில் இதைத் தடவிப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை தடவி, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்ததில், புதுச் சொத்தை வராமல் 80 சதவீதம் தடுக்கப்பட்டது, இருந்த சொத்தையில் பாதி வளராமல் நின்றது என்று 2023இல் எழுதினார்கள். பள்ளி நர்சுகள் தடவினாலும் பலன் குறையவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. நர்சு செய்ய முடிகிற வேலை என்றால், நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சகோதரிகளுக்குக் கற்றுக் கொடுக்க என்ன தடை? ஆண்டுக்கு இரண்டு முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் நிரந்தரப் பல்லில் 43 சதவீதமும் பாற்பல்லில் 37 சதவீதமும் சொத்தை குறைகிறது என்று 2013இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்குச் சொல்கிறது.

இதையெல்லாம்விட எளியது, பள்ளிக்கூடத்திலேயே பல் துலக்குவது. பிலிப்பைன்ஸ் நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவி, பேஸ்ட் வைத்துப் பல் துலக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரையும் போட்டுக்கொள்ளும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். மேற்பார்ப்பது வாத்தியார்தான், டாக்டர் அல்ல. ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளியில் தினமும் பல் துலக்க வைத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பல் சிகிச்சைக்கு அந்த நாடு 2001-02இல் செலவழித்த தொகை சுமார் 88 லட்சம் பவுன். 2009-10இல் அது சுமார் 40 லட்சமாக இறங்கிவிட்டது. கருமித்தனத்துக்காகவாவது நம் ஆட்சியாளர்கள் இதைச் செய்யலாமே!

செலவுக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஏறக்குறையக் கால் கிராம். 200 பள்ளி நாளுக்கு 50 கிராம். ஒரு சின்ன ட்யூப். மூன்று வயதுக்குட்பட்ட அங்கன்வாடிக் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்பு போல் பேஸ்டைப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அது பல்லுக்காக அல்ல, விற்பனைக்காக. தண்ணீர் இல்லை என்ற சாக்கும் செல்லாது. துலக்கித் துப்பினால் போதும். கொப்பளிக்கத் தேவையில்லை, கொப்பளிக்காமல் இருப்பதே பல்லுக்கு நல்லது. லேபர் ஷெட்டில் விடியற்காலை ஒரு குழாய்க்கு நாற்பது குடம் காத்து நிற்கிற நம் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரில் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் ஒடித்தோம். இங்கே தகரக் கொட்டகையருகே மரத்தை எங்கே தேடுவது? கரியும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்துக் குறைக்கும். அதைக் காட்டிலும் மோசம், புகையிலை கலந்த பற்பொடி. 1992இலேயே தடை செய்யப்பட்டது.

தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

நம் சங்கத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. ஃபுளோரைடு என்ற பேரைக் கேட்டாலே அவர்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஊர்க் கிணற்றிலும் போர்த் தண்ணீரிலும் இருந்த ஃபுளோரைடு அவர்கள் பல்லைக் காவியாக்கியது, சிலர் முதுகெலும்பையே வளைத்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பல்லாண்டு குடிப்பதால் வருவது அந்த நோய். பேஸ்டில் இருப்பது பல்லின் மேலே தடவி, துப்பிவிடுவதற்கு. உப்பு அதிகமான குழம்பை வெறுத்தோம் என்பதற்காக உப்பே இல்லாமல் சமைக்கிறோமா? பிள்ளை பேஸ்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டாணி அளவைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான். பேஸ்ட் வாங்கும்போது ட்யூபின் மேல் ஃபுளோரைடு அளவு 1000 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூலிகைப் படம் போட்டு ஃபுளோரைடு இல்லாமல் விற்பதை வாங்கினால் மணம் மட்டும்தான் மிச்சம்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் சொல்கிறோம். நஞ்சன்கூட்டுக் கரையோரம் ஓடும் கபிலை, திருமகூடலு நரசிப்புராவில் காவிரியோடு கலக்கிறது. அந்தத் தண்ணீர்தான் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டு 2013 முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குழாய்களுக்குப் போகிறது, ஃபுளோரைடு நோயைத் தடுப்பதற்கென்றே. இந்த ஆற்றின் பெயரைச் சொல்லித் தமிழனையும் கன்னடனையும் முட்டவிடுகிறவர்கள் அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் வாயைப் பற்றி ஒரு நாள் பேசியதுண்டா?

நாம் கேட்பது

தமிழ்நாட்டு அரசு 2023இல் 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் நம் பிள்ளை படிப்பது நஞ்சன்கூட்டுக் கன்னடப் பள்ளியில். ஊர் அரசு இவன் அங்கே இல்லை என்கிறது. இங்குள்ள அரசு இவன் இங்கத்தியவன் அல்ல என்கிறது. நாம் கேட்பது தமிழ்ப் பிள்ளைக்குத் தனிச் சலுகையன்று. நஞ்சன்கூடு தாலுகாவில் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் தினம் ஒரு தடவை, மதிய உணவுக்கு முன்னே கை கழுவும்போது, எல்லாப் பிள்ளைகளும் ஃபுளோரைடு பேஸ்டால் பல் துலக்க வேண்டும். பேஸ்டும் பிரஷும் பள்ளிச் செலவில் வர வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பல் மருத்துவக் கல்லூரியின் குழு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல், வார்னிஷும் வெள்ளித் திரவமும் கையோடு கொண்டு வந்து அங்கேயே தடவிவிட்டுப் போக வேண்டும். அன்று லேபர் ஷெட்டுக்கும் அந்த வண்டி வர வேண்டும். எந்த மாநிலத்து அட்டை என்று கேட்கக்கூடாது. வாயைத் திற என்று மட்டும் சொன்னால் போதும்.

இது தானாக வராது. அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கொண்ட எஸ்.டி.எம்.சி. குழு இருக்கிறது. நம்மவர்கள் கன்னடம் சரளமாக வராது என்ற கூச்சத்தில் அந்தக் கூட்டத்துக்கே போவதில்லை. போக வேண்டும். கன்னடப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் பிள்ளைக்கும் இதே பல்தான். பெண்கள் போனால் இன்னும் நல்லது, இரவில் விழித்திருப்பது அவர்கள்தானே. மைசூர்க் கல்லூரிக்குச் சங்கத்தின் பெயரில் மனு எழுதலாம். மாணவர்களுக்கும் பழக ஆள் வேண்டியிருக்கிறது.

மனுவோடு ஒரு பட்டியலும் வேண்டும். பட்டியல் இல்லாத மனுவை எந்த ஆபீசிலும் ஃபைலுக்குள் செருகிவிடுவார்கள். ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு தோழர் பொறுப்பேற்று, மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர், வயது, போகிற பள்ளி அல்லது அங்கன்வாடி, எங்கும் போகாவிட்டால் அதையும், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுதிக் கொண்டு வரட்டும். கன்னடத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகளே எழுதலாம். ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அவர்களை.